கண்ட்ரோலை விடமாட்டேங்கற ஸ்டூடண்ட், சோலோ கேக்கற அப்பா: இன்ஸ்ட்ரக்டர்ஸ் யாராச்சும் வழி சொல்லுங்க

பம்மல்_செஸ்னா:

வணக்கம். நான் ஃப்ளைட் இன்ஸ்ட்ரக்டர். வீடு பம்மல், வேலை வெளியூர்ல ஒரு ஃப்ளையிங் ஸ்கூல்ல, லீவு கிடைச்சா பஸ் ஏறி வந்துடுவேன். ஸ்கூல் பேரு, என் ஸ்டூடண்ட் பையன் பேரு ரெண்டும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

பையன் நங்கநல்லூர். மீனம்பாக்கத்துல ஏர்பஸ்ஸும் ஏடிஆரும் வரிசையா எறங்கிட்டு இருக்கறப்ப நடுவுல ஒரு செஸ்னா 152 (ரெண்டு சீட்டு ட்ரெயினிங் பிளேன்) சர்க்யூட் அடிக்க, அதாவது ரன்வேயைச் சுத்தி வந்து எறங்கிப் பழக எடம் கிடைக்கறது எவ்ளோ கஷ்டம்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், அதனால சென்னைப் பசங்க நெறைய பேர் வெளியூர் போய்த்தான் ட்ரெயினிங் எடுக்கறாங்க, இவனும் அப்படி வந்தவன்தான். படிப்புல கெட்டிக்காரன். நேவிகேஷன், மெட் (வானிலை), ரெகுலேஷன்ஸ் எல்லாம் கிளியர் பண்ணிட்டுத்தான் வந்தான். கிரவுண்ட் கிளாஸ்ல அவன் கேக்கற கேள்விக்கு நானே முந்தின நாள் படிச்சுட்டுப் போகணும்.

பிளேன்ல ஏறினா வேற ஆளு. நான் எதைத் திருத்தினாலும் ஒரு பதில் இருக்கும். யூட்யூப்ல ஒரு கேப்டன் வேற மாதிரி சொன்னார்ம்பான். செக்லிஸ்ட்டை மடியில வச்சுட்டு மனப்பாடமா ஒப்பிப்பான், கண்ணு அந்த சுவிட்ச் மேல போகவே போகாது. இதெல்லாம் கூட நான் பாத்ததுதான், சமாளிச்சதுதான்.

போன வாரம் நடந்ததுதான் தூக்கத்தைக் கெடுக்குது. ஸ்டால் எக்சர்சைஸ், அதாவது விங் தூக்கற சக்தியை இழக்கற வரைக்கும் வேணும்னே கொண்டு போய் வெளிய வர்ற பழக்கம். நல்ல உயரம், நல்ல வெதர். பவர் எடுத்து, மூக்கைத் தூக்கி, ஸ்பீடு கொறைஞ்சு, இடது விங் முன்விளிம்புல இருக்கற அந்த ஓட்டை வழியா ஸ்டால் எச்சரிக்கை ஹாரன் ஊத ஆரம்பிச்சுது, அதுவரைக்கும் சரி. அப்பறம் இடது விங் விழுந்துது. இவன் யோக்கை (பிளேன் ஸ்டியரிங்) ஒரேடியா வலது பக்கம் திருப்பிட்டு வயித்தோட சேத்து இழுத்துப் புடிச்சுட்டான். 'ஐ ஹேவ் கண்ட்ரோல்ஸ்'னேன், இனி நான் ஓட்டறேன், நீ கையை எடுன்னு அர்த்தம். விடல. திரும்பக் கத்தினேன். விடல. 152-ல ரெண்டு பேரும் தோளோட தோள் ஒரசிட்டுத்தான் ஒக்காந்திருப்போம், அவன் மணிக்கட்டைப் புடிச்சு நெட்டித்தான் விடுவிக்க வேண்டியதாயிடுச்சு. சில நூறு அடி போயிடுச்சு அதுக்குள்ள. எறங்கினதும் என்ன சொன்னான் தெரியுமா, 'சார் நான் ரெகவர் பண்ணிட்டுதான் இருந்தேன், நீங்க அவசரப்பட்டுட்டீங்க'.

அன்னிக்கு ராத்திரியே அவங்க அப்பா போன். கூட சேந்தவங்க எல்லாம் சோலோ (இன்ஸ்ட்ரக்டர் இல்லாம தனியா ஓட்டறது) போயிட்டாங்க, இவன் மட்டும் ஏன் போகல, லோன் வட்டி ஏறுது, மணிக்கணக்கா டூயல் (இன்ஸ்ட்ரக்டரோட ஓட்டறது) பில்லு போடறீங்கன்னு. ஸ்கூல்லயும் ஃபைல் ஏன் நிக்குதுன்னு கேள்வி வருது.

இவனை என்ன பண்றது? வேற இன்ஸ்ட்ரக்டர் கிட்ட மாத்தறதா, கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கறதா, இல்ல இவனுக்கு இது சரிப்படாதுன்னு சொல்லிடறதா? அவன் வாழ்க்கையைக் கெடுக்க எனக்கு மனசில்ல. அவன் சோலோ ஷீட்ல கையெழுத்துப் போடவும் மனசில்ல.

ரன்வே07:

நான் ஏர்லைன்ல ஃபர்ஸ்ட் ஆபீசர். கடுமையா சொல்றேன், மன்னிக்கணும். கண்ட்ரோலை விடுன்னா விடாதவன் காக்பிட்டுக்கு லாயக்கில்ல. நிறுத்துங்க. 2010 மே 22 மங்களூர் விமான விபத்துல 158 பேர் போனாங்க, கோ-அரவுண்ட் போலாம்னு, அதாவது எறங்காம மறுபடி மேல ஏறிடலாம்னு பக்கத்துல இருந்த ஃபர்ஸ்ட் ஆபீசர் சொல்லியும் கேப்டன் எறங்கறதுலயே நின்னார்னு விசாரணைல வந்துது. பக்கத்து சீட்டு சொல்றதைக் கேக்காத குணம் சர்க்யூட்லயே தெரியும். இன்னிக்கு உங்க ஸ்டூடண்ட், நாளைக்கு அந்த ஆளு பக்கத்துல ஒக்காறப் போறது நான்.

சோலோ_எப்போ:

அண்ணே நான் ஸ்டூடண்ட், சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசன்ஸ்) 200 மணி நேரத்துல பாதிகூட ஆகல. கோவப்படாம கேளுங்க. எங்க ஸ்கூல்ல ஒரு இன்ஸ்ட்ரக்டர் இருந்தார், பிளேன் டாக்ஸி ஆரம்பிக்கும்போதே திட்ட ஆரம்பிச்சா பார்க்கிங் வர்ற வரைக்கும் திட்டுதான், ஹெட்செட்ல அந்தக் கொரல் காதுக்குள்ளயே வர்றதால தப்பிக்கவே முடியாது, ஒரு கட்டத்துக்கு மேல அவர் என்ன சொல்றார்னே மண்டைல ஏறாது, வெறும் சத்தம் மட்டும் வரும். அந்த மாதிரி நேரத்துல யாராச்சும் 'ஐ ஹேவ் கண்ட்ரோல்ஸ்'னு சொன்னா அதுவும் இன்னொரு திட்டு மாதிரிதான் கேக்கும்.

நீங்க அப்படின்னு சொல்லல. ஆனா அவனுக்கு உங்களுக்கு முன்னாடி வேற இன்ஸ்ட்ரக்டர் இருந்தாங்களா? எங்களுக்கு அடிக்கடி மாறிட்டே இருப்பாங்க. ஒருத்தர் ஃபைனல்ல (ரன்வேக்கு நேரா எறங்கற கடைசிக் கட்டம்) ஒரு ஸ்பீடு சொல்வார், அடுத்தவர் அது தப்பும்பார். கடைசில யூட்யூப்தான் மாறாம இருக்கு. அதான் அவன் அதைப் புடிச்சுட்டு தொங்கறான்னு எனக்குத் தோணுது.

ரன்வே07:

தம்பி திட்டு வாங்காம எவனும் பைலட் ஆகல. ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) கோவமா பேசினா அங்கயும் மண்டைல ஏறாதா?

சோலோ_எப்போ:

ஏடிசி என் லாக்புக்ல கையெழுத்துப் போடறவர் இல்லயே அண்ணே.

தாம்பரம்_முன்னாள்:

ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்க. நான் விமானப்படைல கியூஎஃப்ஐ-யா (தகுதி பெற்ற ஃப்ளையிங் இன்ஸ்ட்ரக்டர்) இருந்து ரிட்டயர் ஆனவன், தாம்பரத்துல ஃப்ளையிங் இன்ஸ்ட்ரக்டர்ஸ் ஸ்கூல்லயும் சொல்லிக்குடுத்திருக்கேன். தெரியாதவங்களுக்காக சொல்றேன், அது 1948-ல அம்பாலாவுல ஆரம்பிச்சு 1954-ல நம்ம தாம்பரத்துக்கு வந்த ஸ்கூல், பைலட்டுக்கு ஓட்ட சொல்லிக்குடுக்கற எடம் இல்ல, ஓட்டத் தெரிஞ்சவனுக்கு சொல்லிக்குடுக்க சொல்லிக்குடுக்கற எடம். அங்க வர்ற ஆள் முதல்ல கத்துக்கறதே இதுதான்: ஸ்டூடண்ட் பண்ற தப்பைப் பாக்காத, தப்பு எங்கேர்ந்து வருதுன்னு பாரு.

பம்மல் தம்பி, நீங்க சொன்னதுல ரெண்டு தனித்தனி விஷயம் இருக்கு, ஒண்ணாக் கொழப்பிக்காதீங்க. வலது பக்கம் அய்லரானை (பிளேனைச் சாய்க்கறதுக்கு விங் பின்விளிம்புல இருக்கற பலகை) திருப்பினது ஒண்ணு. கையை விடாம இருந்தது இன்னொண்ணு. முதல் விஷயம் எல்லாரும் பண்றது. விங் விழுந்தா தூக்கணும்னு கை தானாப் போகும், அதான் மனுஷ சுபாவம். ஸ்டால் ஆன விங்குல அய்லரான் கீழ எறங்கினா அந்த விங்கோட ஆங்கிள் ஆஃப் அட்டாக் (எதிர்ல வர்ற காத்துக்கும் விங்குக்கும் இடைப்பட்ட கோணம்) இன்னும் ஏறி அது இன்னும் ஆழமா ஸ்டால் ஆகும், அங்கேர்ந்து ஸ்பின் (பிளேன் சுத்திக்கிட்டே கீழ விழறது) ரொம்ப தூரம் இல்ல. இதை பேப்பர்ல எழுதி முழு மார்க் வாங்கிட்டு, மேல போய் அதையே பண்ணுவான். மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது.

ரெண்டாவது, கையை விடாதது. அது திமிரா, உறைஞ்சு போனதான்னு நீங்க கண்டுபிடிச்சே ஆகணும், ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற. திமிர் புடிச்சவன் உங்க கூட இழுபறி பண்ணுவான், கூடவே பேசுவான், யோக்கை அசைச்சுட்டே இருப்பான். உறைஞ்சவன் பேசமாட்டான். மூச்சு நின்னிருக்கும். ஹெட்செட்ல மூச்சு சத்தம் வந்துதான்னு யோசிச்சுப் பாருங்க. விரல் முட்டி வெள்ளையா இருந்துதா? யோக் ஆடாம கல்லு மாதிரி நின்னுதா? எறங்கினப்பறம் அவன் அடிச்ச டயலாக்கை வச்சு முடிவு பண்ணாதீங்க, பயந்தவன்தான் அதிகமா வாதம் பண்ணுவான், வெக்கத்துல.

ரன்வே தம்பிக்கு ஒண்ணு. மங்களூர் சொன்னீங்க, நியாயம். 1977 மார்ச் 27 டெனரிஃப் தீவுல ரன்வேலயே ரெண்டு ஜம்போ மோதினதையும் நெனச்சுப் பாருங்க. 583 பேர். டேக்ஆஃப் ஓட்டம் ஆரம்பிச்சப்பறம் அந்த இன்னொரு பிளேன் ரன்வேயை விட்டு வெளிய போயிடுச்சான்னு ஃப்ளைட் எஞ்சினியர் கேட்டார், ஆச்சுன்னு கேப்டன் அழுத்திச் சொன்னார். அந்த கேப்டன் யாரு? ஜம்போ பைலட்டுகளுக்கே ட்ரெயினிங் குடுத்த பெரிய ஆளு. கேக்காத வியாதி ஸ்டூடண்டுக்கு மட்டும் வர்றதில்ல.

வேளச்சேரி_ஸ்டியரிங்:

எனக்கு பிளேன் தெரியாது, வேளச்சேரில டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கேன், தலைப்பு பாத்து வந்தேன். சார் சொன்ன அந்த உறைஞ்சு போற கதை எங்க கிட்ட தெனம் நடக்கும், விஜயநகர் சிக்னல்ல பஸ் ஹாரன் அடிச்சா ஸ்டியரிங்கைக் கட்டிப் புடிச்சுக்குவாங்க, எங்களுக்கு கால் பக்கம் தனி பிரேக் இருக்கு, அமுக்கி நிறுத்திட்டு தண்ணி குடிங்கன்னு சொல்லுவோம். உங்களுக்கு நிறுத்தற வசதியே இல்லயே, அதை நெனச்சாத்தான் கஷ்டமா இருக்கு. நல்லபடியா முடியணும்.

சிம்_பிரியன்:

பையன் வீட்ல சிமுலேட்டர் ஓட்டினவனா? கேட்டுப் பாருங்க. நான் வருஷக்கணக்கா வீட்ல சிம் ஓட்டறவன், சிம் மேல பழி போடறதுல எனக்கு உடன்பாடில்ல, ரேடியோ பேசறது, ப்ரொசீஜர், சார்ட் படிக்கறது எல்லாம் அதுல நல்லா வரும். ஆனா ரெண்டு விஷயம் அதுல கெடையாது. ஸ்டால்ல வயிறு எழும்பற அந்த ஃபீல் கெடையாது, இது எல்லாருக்கும் தெரியும். இன்னொண்ணை யாரும் சொல்லி நான் கேட்டதில்ல: பக்கத்து சீட்ல ஆளே கெடையாது. நான் ஓட்டின அத்தனை மணி நேரத்துலயும் என் கையிலேர்ந்து யாரும் கண்ட்ரோலை வாங்கினதே இல்ல. கடைசி வரைக்கும் நானே போராடணும், இல்லன்னா ரீஸ்டார்ட். அந்தப் பழக்கத்தோட ஒருத்தன் நிஜ பிளேன்ல ஏறினா கையை விடறதுங்கற யோசனையே அவனுக்கு வராது.

பம்மல்_செஸ்னா:

எல்லாருக்கும் நன்றி. தாம்பரம் சார், நீங்க கேட்டதும் யோசிச்சேன். மூச்சு சத்தம் இல்ல சார். யோக் ஆடவே இல்ல, அப்படியே பூட்டு போட்ட மாதிரி. பேசவும் இல்ல. ரெக்கவரி ஆகி லெவல் ஆனப்பறம்தான் வாயைத் தொறந்தான்.

சிம் ஓட்டினவன்தான், ஸ்கூல் படிக்கறப்பலேர்ந்து. அதுக்கு அடையாளம் முதல் நாளே தெரிஞ்சுது, வெளிய பாக்கவே மாட்டான், கண்ணு பூரா ஏஎஸ்ஐ (ஸ்பீடு காட்டற மீட்டர்) மேலதான், முள்ளு ரெண்டு நாட் ஏறினா மூக்கைத் தூக்குவான், எறங்கினா அமுக்குவான், பிளேன் அலை மேல போற மாதிரி போகும். ஏஎஸ்ஐ மேல ஒரு காகிதத்தை ஒட்டி மறைச்சேன். வெளிய அடிவானத்தைப் பாரு, எஞ்சின் சத்தத்தைக் கேளுன்னேன். அன்னிக்கு அவன் போட்ட அப்ரோச்தான் இதுவரைக்கும் போட்டதுலயே சுத்தமானது. திறமை இருக்கு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

சோலோ தம்பி, ஆமா, எனக்கு முன்னாடி ஒருத்தர் இருந்தார், மணி நேரம் சேந்ததும் ஏர்லைனுக்குப் போயிட்டார். அவர் எழுதின ரெக்கார்டை எடுத்துப் பாத்தேன், எல்லா சார்ட்டிக்கும் (ஒரு தடவை பறந்து வர்றது) 'சாட்டிஸ்ஃபேக்டரி'ன்னு ஒரே வார்த்தை. ஸ்டாலுக்கும் அதேதான். அதை வச்சு என்ன தெரிஞ்சுக்கறது?

கிராஸ்விண்ட்_அக்கா:

நானும் இன்ஸ்ட்ரக்டர்தான், வடக்கே ஒரு ஸ்கூல்ல. சொந்த ஊரு குரோம்பேட்டை.

அந்த ஒத்தை வார்த்தை ரெமார்க்கைப் பத்தி நான் கத்தணும்னு ரொம்ப நாளா இருக்கேன். அடுத்தவர் கையில ஒரு ஆளை ஒப்படைக்கறோம், அந்த ஆளு கூட உசிரைப் பணயம் வச்சு இன்னொரு இன்ஸ்ட்ரக்டர் ஒக்காறப் போறாங்க, அவங்களுக்கு ஒரு வரி எழுதக்கூட நேரமில்லயா? பம்மல், நீங்க முதல்ல பண்ண வேண்டியது இதுதான். நடந்ததை நடந்தபடி எழுதுங்க. 'அட்டிட்யூட் சரியில்ல'ன்னு எழுதாதீங்க, அது உங்க அபிப்பிராயம். எந்த உயரத்துல ஆரம்பிச்சீங்க, எந்தப் பக்கம் விங் விழுந்துது, அவன் என்ன இன்புட் குடுத்தான், எத்தனை தடவை கண்ட்ரோல் கேட்டீங்க, எவ்ளோ உயரம் போச்சு. அவ்ளோதான். சிஎஃப்ஐ (தலைமை இன்ஸ்ட்ரக்டர்) கிட்ட வாயால மட்டும் சொல்லாதீங்க, எழுதினதைக் காட்டி சொல்லுங்க. நாளைக்கு யாராச்சும் அவசரப்பட்டு அவனை சோலோ அனுப்பலாம்னு சொன்னா அந்தக் காகிதம்தான் நிக்கும்.

அமெரிக்காவோட எஃப்ஏஏ (விமானத்துறை ஆணையம்) புத்தகங்கள்ல அபாயமான மனப்போக்குன்னு அஞ்சு போட்டிருப்பாங்க: அதிகாரத்தை எதிர்க்கறது, யோசிக்காம சட்டுனு செய்யறது, எனக்கு ஒண்ணும் ஆகாதுங்கறது, வீரம் காட்டறது, என்னால ஒண்ணும் முடியாதுன்னு விட்டுடறது. படிச்சுட்டு வர்ற புது இன்ஸ்ட்ரக்டர் எல்லாம் முதல் வாரமே ஸ்டூடண்ட் நெத்தில ஒண்ணை ஒட்டிடுவாங்க. அது ஸ்டூடண்ட் தன்னைத் தானே பாத்துக்கறதுக்கான கண்ணாடி. அந்த அஞ்சையும் அவன் கையில குடுத்து, அன்னிக்கு நடந்ததை அவனையே எழுதச் சொல்லுங்க.

ஒண்ணு தனியா சொல்லணும். நான் 'ஐ ஹேவ் கண்ட்ரோல்ஸ்'னு சொன்னா விடாத பசங்க, ஆம்பளை இன்ஸ்ட்ரக்டர் சொன்னா உடனே விடுவாங்க, இதை நான் கண்ணால பாத்தாச்சு. அதனால எனக்கு ஒரு ரூல். முதல் சார்ட்டிக்கு முன்னாடி, எஞ்சின் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே, கண்ட்ரோல் கைமாத்தற பழக்கம் கிரவுண்ட்ல நடக்கணும். நான் சொல்லுவேன், அவன் திரும்பச் சொல்லணும், சொல்லிட்டு கை மடிக்கு வரணும், கால் பெடல்லேர்ந்து பின்னால வரணும். கையை விட்டுட்டு ரட்டரை (மூக்கை இடது வலதாத் திருப்பற வால் பலகை, பெடல்ல இயங்கும்) மிதிச்சுட்டே இருக்கறவங்க உண்டு, அது இன்னும் மோசம், கால் பலத்தை நம்மால கையால விடுவிக்க முடியாது.

போரூர்_அம்மா:

நான் பைலட் இல்லைங்க. என் பொண்ணு ட்ரெயினிங்ல இருக்கா, அவளுக்காக இதெல்லாம் படிச்சுட்டு இருக்கேன். அந்த அப்பா மேல எல்லாருக்கும் கோவம் இருக்கும்னு தெரியுது. நாங்க வீட்டுப் பத்திரத்தை வச்சு லோன் எடுத்திருக்கோம். மாசா மாசம் இஎம்ஐ போகுது, பிளேன் சர்வீஸ்ல நிக்குதுன்னு பொண்ணு வாரக்கணக்கா ஹாஸ்டல்ல சும்மா ஒக்காந்திருக்கா. யாரு கிட்ட கேட்டாலும் ஆயிடும் ஆயிடும்னு ஒரே பதில். அவருக்கும் யாரும் எதையும் சொல்லியிருக்க மாட்டாங்க, அதான் ராத்திரில போன் பண்ணி சண்டை போடறார்.

எனக்கு ஒரு கேள்வி. உண்மையிலயே ஒரு புள்ளைக்கு இது வராதுன்னு எப்ப தெரியும்? தெரிஞ்சா எங்க கிட்ட சொல்லுவீங்களா, இல்ல பணம் வர்ற வரைக்கும் ஓட்டுவீங்களா? கோவத்துல கேக்கல சார்.

தாம்பரம்_முன்னாள்:

அம்மா, நீங்க கேட்டது நியாயமான கேள்வி. விமானப்படைல ஸ்டூடண்ட் காசு குடுக்கறதில்ல, அதனால ஒருத்தனை நிறுத்தறது எங்களுக்கு சுலபம், வேற கிளைக்கு அனுப்பிடுவோம். வெளிய அப்படி இல்ல. ஒவ்வொரு கூடுதல் டூயல் மணி நேரமும் யாரோ ஒருத்தருக்கு வருமானம், யாரோ ஒருத்தருக்குக் கடன். அதனாலதான் முடிவை ஒரே ஆள் எடுக்கக்கூடாதுன்னு சொல்றேன். ஒரு எக்சர்சைஸ் திரும்பத் திரும்ப வரலன்னா வேற இன்ஸ்ட்ரக்டர் பாக்கணும், அப்பறம் சிஎஃப்ஐ பாக்கணும், மூணு பேரும் தனித்தனியா ஒரே குறையை எழுதினா குடும்பத்தைக் கூப்பிட்டு ஒக்கார வச்சு சொல்லிடணும். அந்தக் குறை என்னன்னு பேர் சொல்லி சொல்லணும். 'கொஞ்சம் வீக்'னு சொன்னா அது பதில் இல்ல.

பம்மல் தம்பி, நீங்க சொன்ன அடையாளத்தைப் பாத்தா பையன் உறைஞ்சுதான் போயிருக்கான். அப்ப இப்போதைக்கு ஸ்டாலை விடுங்க. ஸ்லோ ஃப்ளைட்டுக்குப் போங்க. ஹாரன் ஊதிட்டே இருக்கற ஸ்பீடுல நிதானமா நேரா ஓட்டட்டும், பத்து டிகிரி இந்தப் பக்கம், பத்து டிகிரி அந்தப் பக்கம், மூக்கை ரட்டரால நேரா வச்சுக்கட்டும். அந்த சத்தம் பழகணும் அவனுக்கு. இப்ப அவனுக்கு ஹாரன்னா ஆபத்து, அவ்ளோதான். ஸ்பீடு கம்மின்னு தகவல் சொல்ற சத்தமா அது மாறணும்.

கைக்கு பழைய வைத்தியம் ஒண்ணு இருக்கு. யோக் புடிக்கற இடது கையில ஒரு பென்சிலை விரல்களுக்கு நடுவுல கோத்து விடுங்க, நடுவிரலுக்கு மேல, ரெண்டு பக்க விரலுக்கும் கீழ. மெதுவாப் புடிச்சா ஒண்ணும் ஆகாது, இறுக்கிப் புடிச்சா எலும்பு வலிக்கும். நீங்க வாயைத் தொறக்கவே வேணாம், பென்சில் சொல்லிக்குடுக்கும்.

கடைசியா ஒரு சரித்திரம். 1917-ல இங்கிலாந்துல காஸ்போர்ட்ல ஸ்மித்-பாரின்னு ஒருத்தர் ட்ரெயினிங் முறையையே தலைகீழா மாத்தினார். அதுவரைக்கும் ஆபத்தான நிலைமை பக்கமே ஸ்டூடண்ட் போகக் கூடாதும்பாங்க. அவர் வேணும்னே அங்க கூட்டிட்டுப் போய், இது ஏன் ஆகுது, எப்படி வெளிய வரணும்னு காட்டினார், எஞ்சின் சத்தத்துல காது கேக்காதுன்னு பேசறதுக்கு ஒரு ரப்பர் குழாய் வச்சுக்கிட்டார். காட்டறதும் பேசறதும் சேந்துதான் அந்த முறை. பேசாம காட்டினா அது பயமுறுத்தல்தான்.

பம்மல்_செஸ்னா:

அப்டேட். சனிக்கிழமை சென்னை வந்திருந்தேன், அவனும் லீவுல வந்திருந்தான், நங்கநல்லூர்ல அவன் வீட்டு மொட்டை மாடிக்குப் போனேன். அப்பா கீழ இருந்தார், முதல்ல நாங்க ரெண்டு பேரும் பேசறோம்னு சொல்லிட்டேன். ரெண்டு பிளாஸ்டிக் சேரைப் பக்கத்துல பக்கத்துல போட்டு, யோக்குக்கு பதிலா ஒரு தட்டு குடுத்து, சேர் ஃப்ளையிங், அதாவது சேர்ல ஒக்காந்தே ஓட்டற மாதிரி ஒத்திகை. மீனம்பாக்கத்துக்கு எறங்கற பிளேன் சத்தம் நடுநடுவுல வந்துட்டே இருந்துது. ஸ்டால் என்ட்ரி வரைக்கும் அழகா வாயால சொல்லிட்டே வந்தான். 'இப்ப இடது விங் டிராப்'னு நான் சொன்னதும் வாய் நின்னுடுச்சு. தரைல, சேர்ல, தட்டோட ஒக்காந்திருக்கான், அங்கயே மூச்சு நின்னுடுச்சு. சார் சொன்னது அப்பதான் எனக்கு முழுசாப் புரிஞ்சுது.

கொஞ்ச நேரம் கழிச்சு சொன்னான். முதல் தடவை ஸ்டால் பண்ணினப்ப என்ன ஆகும்னு அவனுக்கு யாரும் பிரீஃப் பண்ணலயாம். விங் விழுந்து பிளேன் சுத்த ஆரம்பிச்சுதாம், ஜன்னல் பூரா வயலாத் தெரிஞ்சுதாம், வெளிய வந்தப்பறம் அந்த இன்ஸ்ட்ரக்டர் சிரிச்சாராம். எறங்கி அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலயாம். ஒரு கையெழுத்து, சாட்டிஸ்ஃபேக்டரி. அதுக்கப்பறம்தான் யூட்யூப்ல ஸ்டால் வீடியோவாத் தேடித் தேடிப் பாத்திருக்கான்.

சாக்பீஸ் வாங்கிட்டு வரச் சொல்லி மாடித் தரைலயே விங்கோட குறுக்கு வெட்டு வரைஞ்சேன். அய்லரான் கீழ எறங்கினா கார்ட் லைன் (விங்கோட முன்விளிம்பையும் பின்விளிம்பையும் சேக்கற கோடு) எப்படி மாறுது, ஆங்கிள் எப்படி ஏறுதுன்னு அவனையே கோடு போட வச்சேன். போட்டுட்டு நிமிந்து பாத்தான். 'அப்ப நான் அன்னிக்கு ஸ்பின்னுக்குள்ளதான் தள்ளிட்டு இருந்தேனா சார்'னான். ஆமான்னேன்.

அப்பாவை மேல கூப்பிட்டு, பையன் முன்னாடியே சொன்னேன். மூணு விஷயம் சரியாகாம சோலோ இல்ல: கண்ட்ரோல் கேட்டா அந்த செகண்ட் கை மடிக்கு வரணும், விங் விழுந்தா ரட்டர்தான் முதல்ல, செக்லிஸ்ட்டைக் கண்ணால பாத்துப் படிக்கணும். அதோட வேற ஒரு இன்ஸ்ட்ரக்டர் செக்கும் உண்டுன்னேன். அவருக்குத் திருப்தி இல்ல. இன்னும் எத்தனை மணி நேரம்னு நம்பர் கேட்டார். குடுக்க முடியாதுன்னு சொன்னேன், ஒவ்வொரு சார்ட்டி ரெக்கார்டையும் போட்டோ எடுத்து உங்க பையன் அனுப்புவான், நீங்களே படிங்கன்னு சொன்னேன். காபி குடுத்தாங்க. முகம் குடுத்துப் பேசல.

ரன்வே07:

நான் முதல்ல சொன்னதை அவ்ளோ கடுமையா சொல்லியிருக்க வேணாம். ஆனா ஒண்ணுல மாற மாட்டேன், காரணம் தெரிஞ்சுட்டதால ரிஸ்க் கொறையல. ஐநூறு அடில பேஸ்லேர்ந்து (ஃபைனலுக்கு முந்தின குறுக்குப் பாதை) ஃபைனல் திரும்பும்போது, ரன்வே கோட்டைத் தாண்டிப் போகுதுன்னு ரட்டரை அழுத்தி, மூக்கைத் தூக்கி, அங்க விங் விழுந்தா அவன் கை எங்க போகும்? அந்த உயரத்துல ரெக்கவர் பண்ண எடமே கெடையாது.

தாம்பரம்_முன்னாள்:

ரன்வே தம்பி சொல்றது முழுக்க சரி. மொட்டை மாடில புரிஞ்சது மேல ஞாபகம் வருதான்னு பாக்கணும். காலைல காத்து இல்லாதப்ப எல்லாரும் நல்லா ஓட்டுவாங்க. மத்தியானம் சூடு ஏறி குலுக்கும்போது, அவனுக்குக் களைப்பா இருக்கும்போது, வேற ஏதோ பேசிட்டு இருக்கும்போது திடீர்னு 'ஐ ஹேவ் கண்ட்ரோல்ஸ்'னு சொல்லிப் பாருங்க. நேரா லெவலாப் போகும்போதே சொல்லுங்க, டாக்ஸில சொல்லுங்க. அது அவசரத்துக்கு மட்டும் வர்ற வார்த்தையா இருந்தா வார்த்தை காதுல விழும்போதே உடம்பு இறுகிடும்.

சோலோ_எப்போ:

ஸ்பின்னை அவனுக்கு ஒழுங்கா ஒருதடவை காட்டினா பயம் போகாதா சார்? பவர் ஐடில், அய்லரான் நியூட்ரல், எதிர்ப்பக்கம் முழு ரட்டர், அப்பறம் யோக் முன்னாடி. எங்களுக்கு இதை மனப்பாடம் பண்ண வச்சாங்க, யாரும் காட்டல.

கிராஸ்விண்ட்_அக்கா:

இப்ப வேணாம் தம்பி. பிளேனோட கையேடு அனுமதிக்கணும், வெயிட்டும் பேலன்ஸும் அந்த லிமிட்டுக்குள்ள இருக்கணும், ஸ்கூல்ல அதுக்கு அனுமதி இருக்கற இன்ஸ்ட்ரக்டர் கூட இருக்கணும். அதையெல்லாம் விட, உறைஞ்சு போற ஆளை வச்சுட்டு ஸ்பின்னுக்குள்ள போறது இன்ஸ்ட்ரக்டருக்கே ஆபத்து. முதல்ல கை விடற பழக்கம். அது வந்தப்பறம்தான் மத்ததெல்லாம்.

பம்மல்_செஸ்னா:

நேத்து இன்னொரு இன்ஸ்ட்ரக்டர் அவனை செக் எடுத்தார். நான் கீழ நின்னுட்டு இருந்தேன். ரிப்போர்ட் படிச்சேன், ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கார், அக்கா கேட்டா சந்தோஷப்படுவீங்க. கண்ட்ரோல் கைமாத்தினது எல்லாமே சுத்தம், சொல்லாம கொள்ளாம கேட்டதும் கூட. ஸ்லோ ஃப்ளைட் நல்லா இருக்கு, ஸ்டால்ல நேரா விழுந்தப்ப சரியா வெளிய வந்தான், விங் விழுந்தப்ப ரட்டர் குடுத்தான், ஆனா லேட்டு, அதுக்கு முன்னாடி அய்லரான் பாதி போயிட்டுத் திரும்பி வந்துது. அதனால சோலோ இல்ல, டூயல் தொடரும்னு எழுதியிருக்கார். நானும் அதேதான் எழுதியிருப்பேன்.

பையன் ரிப்போர்ட்டைப் படிச்சான். வாதம் பண்ணல. அடுத்த சார்ட்டி மத்தியானம் போடலாமா சார்னு அவனே கேட்டான், போட்டிருக்கேன். செக்லிஸ்ட் விஷயம் இன்னும் எனக்குத் திருப்தியா இல்ல, பாதி நேரம் பாக்கறான், பாதி நேரம் ஒப்பிக்கறான், அதை விடப் போறதில்ல.

சார், பென்சிலைப் பத்தி ஒரு சந்தேகம். சர்க்யூட்லயும் வச்சுக்கலாமா, இல்ல மேல மட்டுமா?

தாம்பரம்_முன்னாள்:

மேல மட்டும். டேக்ஆஃப், லேண்டிங்ல வேணவே வேணாம், கையிலேர்ந்து நழுவினா நேரா ரட்டர் பெடலுக்கு அடிலதான் போய் மாட்டும். உருண்டை பென்சில் வாங்காதீங்க, ஆறு பட்டை இருக்கறது வாங்கி ஒரு நூல் கட்டி அவன் மணிக்கட்டுல சுத்தி விடுங்க. எறங்கறதுக்கு சர்க்யூட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி உங்க சட்டைப் பையில வாங்கி வச்சுக்கோங்க, அதையும் செக்லிஸ்ட்ல ஒரு வரியா அவன் கையாலயே எழுதச் சொல்லுங்க, அதையாச்சும் பாத்துப் படிப்பான்.